ஒடுங்கிய இடத்தில் ஓடும் திரவப் பளிங்கு: மூலக்கூறுகள் எத்திசையில் நிற்கும்? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

வெள்ளவத்தையில் சனிக்கிழமை மாலைகளில் உயர்தர மாணவர்களுக்கும் பல்கலைக்கழக முதலாம் ஆண்டினருக்கும் தமிழில் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். திரவப் பளிங்கு பற்றிய வகுப்பு முடிந்ததும் எழும் கேள்விகள் ஆண்டுக்கு ஆண்டு பெரிதாக மாறுவதில்லை; அவற்றோடு மாணவர்கள் வரைந்துகொண்டு வரும் படமும் மாறுவதில்லை. இரண்டு கண்ணாடிச் சுவர்கள், நடுவே பாய்ச்சலைக் குறிக்கும் ஓர் அம்புக்குறி, அந்த அம்புக்குறிக்குச் சமாந்தரமாக வாரிவிட்ட தலைமயிர்போல் படுத்துக்கிடக்கும் குச்சிகள் என்று அந்தப் படம் இருக்கும். பார்வைக்கு அழகான அந்தப் படம் பிழையானது. எங்கே பிழை என்பதைச் சொல்லப் போனால் இந்தப் பாடத்தின் பெரும்பகுதியையும் சொல்லியாக வேண்டும் என்பதால், கேள்விகளை ஒழுங்குபடுத்தி இங்கே எழுதி வைக்கிறேன்.

திரவப் பளிங்கு என்பது திரவமா, பளிங்கா?

ஓடுகிற விதத்தில் அது திரவம். ஒளியை நடத்துகிற விதத்தில் பளிங்கு. 1888இல் பிராக் நகரில் தாவரவியலாளர் பிரீட்ரிக் ரைனிட்சர், கொலஸ்ரெரில் பென்சொயேற்று என்ற பொருளைச் சூடாக்கியபோது அது 145.5 பாகை செல்சியசில் உருகிக் கலங்கல் திரவமாகி, 178.5 பாகையில் திடீரெனத் தெளிவதைக் கண்டார். இரண்டு உருகுநிலை உடைய பொருள் இருக்க முடியாது என்று அன்றைய இரசாயனவியல் நம்பியிருந்ததால், அந்தக் கலங்கல் நிலையை ஓட்டோ லேமன் நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்து அதுவும் ஒரு தனி நிலையே என்று எழுதிய பின்னரும் நெடுநாள் வாதம் நடந்தது.

இங்கே நாம் பேசப்போவது நெமற்றிக் என்ற எளிய வகையைப் பற்றி மட்டுமே. அதில் குச்சிபோன்ற மூலக்கூறுகளின் மையங்கள் எந்த ஒழுங்கும் இன்றிச் சிதறிக் கிடக்கும். ஆனால் அவற்றின் நீளப்பக்கம் ஏறத்தாழ ஒரே திசையை நோக்கியிருக்கும். ஆய்வுகூடங்களில் மிகுதியாகப் பயன்படுவது 5சிபி என்று அழைக்கப்படும் பொருள். இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் ஜோர்ஜ் கிறேயின் குழுவினர் 1970களின் தொடக்கத்தில் ஆக்கியது. ஏறத்தாழ 23 பாகையிலிருந்து 35 பாகை வரை அது நெமற்றிக்காக இருக்கும். கொழும்பின் அறை வெப்பநிலையைக் கேட்டு அளந்து செய்ததுபோன்ற எல்லை இது: குளிரூட்டி இல்லாத அறையில் ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் விட்டால், சோறு வடித்த கஞ்சித் தண்ணீர்போல் கலங்கிய நெமற்றிக் துளி எந்தச் சூடாக்கியும் இல்லாமல் கிடைத்துவிடும். அதே போத்தலை நன்றாகக் குளிரூட்டிய அறையில் இரவு முழுக்க வைத்தால் சில வேளை காலையில் வெள்ளைத் திண்மமாக உறைந்திருக்கும். பயப்பட வேண்டியதில்லை, உள்ளங்கையில் பிடித்திருந்தால் உருகிவிடும்.

"பொதுத்திசை" என்று அடிக்கடி சொல்கிறீர்கள். ஒவ்வொரு மூலக்கூறும் அந்தத் திசையில்தான் நிற்கிறதா?

இல்லை. ஏறத்தாழ இரண்டு நனோமீற்றர் நீளமுள்ள ஒவ்வொரு மூலக்கூறும் வெப்பத்தால் ஓயாமல் ஆடிக்கொண்டே இருக்கிறது. கோடிக்கணக்கானவற்றின் சராசரித் திசையே பொதுத்திசை. எல்லா மூலக்கூறுகளும் துல்லியமாக ஒரே திசையில் நின்றால் ஒழுங்கின் அளவு 1, எத்திசையும் இல்லாவிட்டால் 0 என்று வைத்துக்கொண்டால், அறை வெப்பநிலையில் 5சிபியின் ஒழுங்கு 0.6 அளவில் இருக்கும்.

இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. பாய்ச்சல் மூலக்கூறுகளைப் பிடித்து இழுத்து ஒழுங்குபடுத்துகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். சாதாரண வேகங்களில் பாய்ச்சலால் அந்த 0.6 அசைவதேயில்லை எனலாம். ஏனெனில் மூலக்கூறு ஒன்று தன் ஆட்டத்தில் பழைய திசையை மறக்க எடுக்கும் நேரம் செக்கனின் பல கோடியில் ஒரு பங்கு, நாம் தரும் பாய்ச்சலோ செக்கனுக்குச் சில தடவை முதல் சில ஆயிரம் தடவை வரையிலான வழுக்கலையே ஏற்படுத்துகிறது. ஒழுங்கு ஏற்கெனவே இருக்கிறது. பாய்ச்சல் அந்த ஒழுங்கு எத்திசையை நோக்க வேண்டும் என்பதை மட்டுமே மாற்றுகிறது. கூட்டத்தை ஒன்றுகூட்டுவது வேறு, ஏற்கெனவே கூடி நிற்கும் கூட்டத்தை வேறு பக்கம் திரும்பச் செய்வது வேறு.

பாய்ச்சல் ஏன் பொதுத்திசையைத் திருப்ப வேண்டும்?

முழுத் திரவமும் ஒரே வேகத்தில் நகர்ந்தால் எதுவும் திரும்பாது. சுவரருகே திரவம் நிலையாக நிற்க, நடுவில் விரைந்து செல்வதால் அடுத்தடுத்த படைகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்குகின்றன. உயர்தரப் பாடத்தில் வரும் வேகப் படித்திறன் இதுவே. படைகளுக்குக் குறுக்கே நிமிர்ந்து நிற்கும் குச்சியின் ஒரு முனை வேகமான படையிலும் மறு முனை மெதுவான படையிலும் இருந்தால், அந்தக் குச்சி மீது முறுக்கம் தொழிற்படும்.

மழைக்காலத்தில் களனி கங்கை பெருகும்போது களனிப் பாலத்தில் நின்று பார்த்தவர்கள், மிதந்துவரும் மூங்கில்கள் கரையோரத்தில் சுழன்று சுழன்று செல்வதைக் கண்டிருப்பார்கள். நீரோட்டத்தோடு ஒத்துப் படுத்திருக்கும் நேரமே அதிகம்; ஆனால் அப்படியே நிலைப்பதில்லை, சற்று நேரத்தில் சட்டென ஒரு புரட்டுப் புரண்டு மீண்டும் படுத்துக்கொள்ளும். தனியாக மிதக்கும் நீள்வட்டத் துணிக்கை ஒன்று இப்படி முடிவின்றிப் புரண்டுகொண்டே இருக்கும் என்று ஜெப்ரி 1922இல் கணித்துக் காட்டினார். எனவே "கட்டை ஆற்றோட்டத்தில் நேராவதுபோல்" என்று வகுப்புகளில் சொல்லும் உவமை திரவப் பளிங்குக்கு மட்டுமல்ல, கட்டைக்குமே பொருந்தாதது. நானும் அதை ஆரம்ப காலத்தில் சொல்லிக்கொண்டிருந்தவன்தான்.

அப்படியென்றால் நெமற்றிக்கும் முடிவின்றிப் புரளுமா, எங்காவது நிலைபெறுமா?

பெரும்பாலானவை நிலைபெறும், ஆனால் பாய்ச்சலுக்குச் சமாந்தரமாக அல்ல. எரிக்சன் 1960 அளவிலும் லெஸ்லி 1966, 1968 ஆண்டுகளிலும் எழுதிய கொள்கையில் நெமற்றிக்குக்கு ஒன்றல்ல, ஆறு பிசுக்குமைக் (திரவம் வழுக்கலை எதிர்க்கும் தன்மை) குணகங்கள் வருகின்றன. 1970இல் பரோடி காட்டிய தொடர்பினால் அவற்றுள் ஐந்து மட்டுமே ஒன்றையொன்று சாராதவை. நமது கேள்விக்கு அவற்றில் இரண்டு போதும். இரண்டாவது குணகம், குச்சி படைகளுக்குக் குறுக்கே நிமிர்ந்து நிற்கும்போது பாய்ச்சல் தரும் முறுக்கத்தை முடிவுசெய்கிறது. மூன்றாவது, குச்சி பாய்ச்சலோடு ஒத்துப் படுத்திருக்கும்போது வரும் முறுக்கத்தை முடிவுசெய்கிறது. முதற்கூறியது பெரியது, மற்றையது மிகச் சிறியது. எம்பிபிஏ என்ற பொருளுக்கு 25 பாகையில் இவற்றின் பருமன்கள் முறையே 77.5, 1.2 மில்லிபஸ்கால் செக்கன் அளவில் உள்ளன. இரண்டுமே மறைக்குறி (−) உடையவை.

அந்தச் சிறிய குணகத்தின் குறியிலேயே விடயம் இருக்கிறது. தனிக் கட்டை படுத்திருக்கும்போதும் பாய்ச்சல் அதை முன்பு புரட்டிய அதே பக்கத்துக்கு மெல்லப் புரட்டுவதால் அது மறுபடி எழுந்து சுழல்கிறது. எம்பிபிஏயிலோ 5சிபியிலோ, படுத்த நிலையைக் குச்சி அடைந்ததும் அந்த மெல்லிய முறுக்கம் எதிர்ப்பக்கம் திரும்பிவிடுகிறது. நிமிர்ந்த நிலையிலிருந்து ஒரு முறுக்கம் கீழே தள்ள, படுத்த நிலையிலிருந்து இன்னொன்று மேலே தள்ள, இரண்டும் சமப்படும் ஒரு கோணத்தில் பொதுத்திசை அமைதியடைகிறது. இதுவே லெஸ்லி கோணம். அதன் தாஞ்சனின் வர்க்கம், மூன்றாம் குணகத்தை இரண்டாம் குணகத்தால் வகுத்து வரும் எண். மேலே தந்த எண்களை இட்டுப் பார்த்தால் எம்பிபிஏயின் கோணம் ஏறத்தாழ 7 பாகை என்று வரும். 5சிபிக்கு அறை வெப்பநிலையில் 10 பாகையை ஒட்டியது.

பத்துப் பாகைதானே என்று கேட்பவர்கள் உண்டு. அந்தச் சரிவு எப்பக்கம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்: வேகமான படையை நோக்கிய முனை எப்போதும் முன்னே சாய்ந்திருக்கும். குழாயின் கீழ்ப்பாதியில் வேகம் மேல்நோக்கிக் கூடுகிறது, மேற்பாதியில் மேல்நோக்கிக் குறைகிறது. ஆகவே இரு பாதிகளிலும் சரிவு எதிரெதிராக அமைந்தாக வேண்டும். நடுவில் எங்கோ பொதுத்திசை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறியும் ஆக வேண்டும். குச்சிகளைச் சமாந்தரமாக வரைகிற மாணவருக்கு இந்த நடுப்பகுதிச் சிக்கலே கண்ணில் படாது.

குத்துக்கரணம் போடும் திரவப் பளிங்குகள் உண்டு என்கிறார்களே?

உண்டு. சிறிய குணகம் நேர்க்குறி எடுத்தால் சமப்படும் கோணம் எதுவும் இராது; பொதுத்திசை மூங்கில்போல் புரளத் தொடங்கும். 5சிபியின் வாலைவிட மூன்று காபன் அணுக்கள் நீண்ட வாலுள்ள 8சிபி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஏறத்தாழ 33.5 பாகைக்குக் கீழே அது ஸ்மெக்ரிக் என்னும் படைபடையான நிலைக்குப் போகிறது, 40.5 பாகையில் சாதாரண திரவமாகிறது. இடைப்பட்ட நெமற்றிக் எல்லையின் மேற்பகுதியில் அது ஒரு கோணத்தில் நிலைபெறும். ஸ்மெக்ரிக் எல்லையை நெருங்க நெருங்கப் படைகளின் துணுக்குகள் ஆங்காங்கே தோன்றி மறைவதால் அந்தக் குணகம் குறி மாறிப் புரளல் தொடங்குகிறது. வால் மூன்று அணு நீண்டதால் மொத்த நடத்தையே மாறிவிடுகிறது.

ஒடுங்கிய இடத்தில் இந்தக் கரணம் சுதந்திரமாக நடப்பதில்லை. சுவரில் பிடிபட்ட மூலக்கூறுகள் திரும்ப மறுப்பதால் நடுவில் உள்ளவை கடிகார வில்போல் முறுக்கேறிக்கொண்டே போய், ஓரளவுக்கு மேல் பாய்ச்சற் தளத்தை விட்டே பக்கவாட்டில் சாய்ந்து தப்பிக்கொள்ளும்.

சுவர் எப்படி மூலக்கூறுகளைப் பிடித்து வைக்கிறது?

கண்ணாடியின் மேற்பரப்பைப் பொறுத்தது. பொலிஇமைட்டு பூசி, துணியால் ஒரே திசையில் தேய்த்தால் மூலக்கூறுகள் தேய்த்த திசையில் படுக்கும். தேய்ப்பதால் திசை வரும் என்பதை மோகென் 1911 அளவிலேயே கண்டிருந்தார். சிலேன் வகைப் பொருளோ லெசித்தினோ பூசினால் அவை சுவருக்குச் செங்குத்தாக நிற்கும். பிடிப்பு வலுவாக இருக்கும்போது, சுவரிலிருந்து 100 நனோமீற்றருக்கு உட்பட்ட தூரத்திலேயே அதன் தளர்வு அடங்கிவிடும் என்பதால், பத்து மைக்ரோமீற்றர் இடைவெளியில் சுவரின் திசையை மாறாதது என்றே கொள்ளலாம்.

பாய்ச்சலும் சுவரும் எதிரெதிராக இழுத்தால் எது வெல்லும்?

இதற்குத்தான் எரிக்சன் எண் இருக்கிறது. பிசுக்குமை, வேகம், இடைவெளி மூன்றையும் பெருக்கி, மீள்தன்மைக் குணகத்தால் வகுத்தால் அது கிடைக்கும். திசை வளைவதை எதிர்க்கும் அந்த மீள்தன்மை மிக மெலிந்தது: ஏறத்தாழ பத்துப் பிக்கோநியூற்றன், அதாவது நியூற்றனின் இலட்சம் கோடியில் பத்துப் பங்கு. பிசுக்குமையை 0.1 பஸ்கால் செக்கன் என்றும் இடைவெளியை 10 மைக்ரோமீற்றர் என்றும் எடுத்துக் கணித்தால், எரிக்சன் எண் ஒன்றாவதற்கு வேண்டிய வேகம் செக்கனுக்கு 10 மைக்ரோமீற்றர் மட்டுமே. ஒரு தலைமயிரின் தடிப்பைக் கடக்க ஏழெட்டுச் செக்கன் எடுக்கும் வேகம் இது. அவ்வளவு மெதுவான பாய்ச்சலே சுவரோடு சரிக்குச் சரி நிற்கத் தொடங்கிவிடுகிறது.

இதே நிலைமையில், திரவத்தின் சடத்துவத்தைப் பிசுக்குமையோடு ஒப்பிடும் இரெனோல்ட்ஸ் எண்ணைக் கணித்தால் பத்து இலட்சத்தில் ஒன்று என்று வரும். ஆகவே கொந்தளிப்பு ஏதாவது வருமா என்ற கேள்விக்கே இடமில்லை. பாய்ச்சல் அருவிக்கோட்டுப் பாய்ச்சல்தான். குழப்பம் வருவதானால் அது திசைகளில்தான் வரும்.

எரிக்சன் எண் மிகப் பெரிதானாலும் சுவர் முற்றாகத் தோற்பதில்லை. இடைவெளியை எரிக்சன் எண்ணின் வர்க்கமூலத்தால் வகுத்தால் வரும் தடிப்புக்குச் சுவரருகே ஒரு மெல்லிய படை அதன் வசமே இருக்கும். எண் நூறானால் பத்து மைக்ரோமீற்றர் இடைவெளியில் ஒரு மைக்ரோமீற்றர் அளவு.

செங்குத்துப் பிடிப்புள்ள நுண்கால்வாயில் வேகத்தைப் படிப்படியாகக் கூட்டினால் என்ன நடக்கும்?

என் பார்வையில் இந்தப் பாடத்தின் மிக அழகான பகுதி இதுதான். ஆகவே சற்று விரிவாக எழுதுகிறேன்.

கால்வாய் கிடையாக இருக்க, பாய்ச்சல் இடமிருந்து வலமாகச் செல்கிறது என்று கொள்வோம். தொடக்கத்தில் எல்லா மூலக்கூறுகளும் நிமிர்ந்து நிற்கின்றன. மெதுவாகப் பாயவிட்டால் கீழ்ப்பாதியில் உள்ளவை வலப்பக்கம் முன்சாய, மேற்பாதியில் உள்ளவை அதற்குக் கண்ணாடிப் பிம்பமாகச் சாய, நடுவில் உள்ளவை நிமிர்ந்தே இருக்கும். கீழிருந்து மேலாகக் கோடிட்டுப் பார்த்தால் வலப்புறம் புடைத்த வில் ஒன்றின் வடிவம் தெரியும். பாய்ச்சலை நிறுத்தினால் வில் நிமிர்ந்து பழைய நிலைக்கே திரும்பும்.

வேகத்தைக் கூட்டினால் வில் மேலும் வளைகிறது, நடுவிலுள்ள நிமிர்ந்த பகுதி ஒடுங்கிக்கொண்டே போகிறது, அங்கே மீள்தன்மைச் சக்தி குவிகிறது. இந்த நெருக்கடியைத் தீர்க்க வேறோர் அமைப்பு இருக்கிறது: நடுவில் உள்ளவை நிமிர்ந்து நிற்பதற்குப் பதிலாகப் பாய்ச்சலோடு படுத்துவிட்டால், கீழ்ச்சுவரில் நிமிர்ந்து தொடங்கும் திசை முன்சாய்ந்து, நடுவில் கிடையாகி, அதே பக்கமாகத் தொடர்ந்து திரும்பி, மேற்சுவரில் மீண்டும் செங்குத்தாகிவிடும். மொத்தத்தில் 180 பாகைத் திருப்பம். மூலக்கூறுக்குத் தலை எது வால் எது என்ற வேறுபாடு இல்லாததால் மேற்சுவருக்கு இதில் ஆட்சேபனை இல்லை.

ஆனால் ஒரு தடை உண்டு. வில் அமைப்பில் கீழிருந்து மேலாக நிகரத் திருப்பம் பூச்சியம், இரண்டாம் அமைப்பில் அரைச்சுற்று. பாய்ச்சற் தளத்துக்குள்ளேயே மெல்ல மெல்ல வளைத்து ஒன்றை மற்றதாக்க முடியாது. எங்காவது ஒழுங்கு கிழிய வேண்டும். ஆகவே கால்வாயில் ஒரு புள்ளியில் புதிய அமைப்பின் சிறு தீவு முளைக்கிறது. பழையதையும் புதியதையும் பிரிக்கும் எல்லையாக ஒரு மெல்லிய குறைக்கோடு அந்தத் தீவைச் சுற்றி ஓடுகிறது. நெமற்றிக் என்ற பெயருக்கே கிரேக்க மொழியில் நூல் என்று பொருள். 1922இல் பிரீடெல் அந்தப் பெயரை இட்டது நுணுக்குக்காட்டியில் தெரியும் இத்தகைய நூல்களைக் கண்டுதான். பாய்ச்சல் வலுவாக இருந்தால் தீவு வளர்ந்து கால்வாயை நிரப்பும். பாய்ச்சலைத் தளர்த்தினால் நூல் தன் இழுவிசையால் சுருங்கித் தீவை விழுங்கிவிடும்.

இரண்டுக்கும் இடைப்பட்ட வேகங்களில் வேறொரு விந்தையும் நிகழ்கிறது. பொதுத்திசை பாய்ச்சற் தளத்தை விட்டுப் பக்கவாட்டில் சாய்ந்து, இடமுறுக்கோ வலமுறுக்கோ ஆகிவிடுகிறது. மூலக்கூறிலும் கால்வாயிலும் இட வல வேறுபாடு எதுவும் இல்லை; இருந்தும் ஓரிடத்தில் இடமுறுக்கு, அடுத்த இடத்தில் வலமுறுக்கு என்று திரவம் தானே தெரிவுசெய்துகொள்கிறது. வேகத்துக்கேற்ப அமைப்பு இவ்வாறு மாறுவதை 2013இல் அனுபம் சென்குப்தாவும் உடன் ஆய்வாளர்களும் 5சிபியைக் கொண்டு நுண்கால்வாய்களில் காட்டினார்கள்.

மூலக்கூறுகளின் திசை பாய்ச்சலைத் திருப்பிப் பாதிக்குமா?

நிச்சயமாக. ஒரே திரவத்துக்கு ஒரே வெப்பநிலையில் மூன்று பிசுக்குமைகள் இருப்பதைப் போலந்துப் பௌதிகவியலாளர் மியென்சோவிச் 1930களில் காந்தப் புலத்தால் திசையைப் பிடித்து வைத்து அளந்து காட்டினார். எம்பிபிஏயில் 25 பாகையில் மூலக்கூறுகள் பாய்ச்சலோடு படுத்திருந்தால் ஏறத்தாழ 24, பாய்ச்சலுக்கும் படித்திறனுக்கும் செங்குத்தாகப் பக்கவாட்டில் கிடந்தால் 42, படைகளுக்குக் குறுக்கே நிமிர்ந்து நின்றால் 104 மில்லிபஸ்கால் செக்கன். நீரின் பிசுக்குமை ஏறத்தாழ 1 என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எனவே பாய்ச்சல் திசையை மாற்ற, மாறிய திசை பிசுக்குமையை மாற்ற, அதனால் வேகப் பரம்பல் மாற, அது மீண்டும் திசையை மாற்றுகிறது. ஒன்றைக் கணித்துவிட்டு மற்றதைப் பிறகு பார்ப்போம் என்று இந்தச் சமன்பாடுகளில் இருக்க முடியாது. மேலே சொன்ன கால்வாயில் படுத்த அமைப்பின் தீவுகள் வில் அமைப்பைவிட இலகுவாகப் பாய விடுவதால், திரவம் அவற்றினூடாக அதிகமாகச் செல்லும்.

மயிர்த்துளைக் குழாயில் இதன் விளைவு வினோதமானது. பிசுக்குமை வழுக்கு வீதத்தால் மாறும் சாதாரண திரவமொன்றில், அளக்கும் பிசுக்குமை கனவளவுப் பாய்ச்சல் வீதத்தை ஆரையின் கனத்தால் வகுத்து வரும் எண்ணைச் சார்ந்திருக்கும். நெமற்றிக்கில் அது பாய்ச்சல் வீதத்தை ஆரையால் ஒரேயொரு முறை வகுத்த எண்ணைச் சார்ந்திருக்கிறது. காரணம் கடினமன்று: வேகம் என்பது பாய்ச்சல் வீதத்தை ஆரையின் வர்க்கத்தால் வகுத்தது, எரிக்சன் எண்ணில் வேகம் ஆரையால் பெருக்கப்படுகிறது, மிஞ்சுவது பாய்ச்சல் வீதத்தின் கீழ் ஓர் ஆரை. பிஷரும் பிரெட்றிக்சனும் 1969இல் செய்த அளவீடுகள் இதற்கு ஒத்து வந்தன. பரிமாணப் பகுப்பாய்வு பரீட்சைக்கு மட்டும் உதவுவது என்று எண்ணும் மாணவர்களுக்கு நான் முதலில் தரும் பயிற்சி இதுவே.

கல்குலேற்றர் திரையை விரலால் அழுத்தினால் கறுப்பு வளையம் வருவது இதனாலா?

ஒரு பகுதி இதனால். கண்ணாடிகளுக்கிடையிலான சில மைக்ரோமீற்றர் இடைவெளி அழுத்தத்தால் குறைவதே ஒளி மாறப் போதுமானது. அத்தோடு பிதுக்கப்பட்ட திரவம் பக்கவாட்டில் ஓடும்போது திசைகளையும் சாய்த்துக்கொண்டு போகிறது. புறக்கோட்டை நடைபாதையில் வாங்கிய மலிவான கல்குலேற்றர் ஒன்றை எடுத்து, எண் தெரியும் இடத்துக்குப் பக்கத்தில் நகம் படாமல் மெல்ல அழுத்தி, பட்டென்று விட்டுப் பாருங்கள். வளையம் உடனே மறையாது, தயங்கித் தயங்கி மறையும். அந்தத் தயக்கத்தில் ஒரு பங்கு திரவம் ஒடுங்கிய இடைவெளியூடாகத் திரும்பி வர எடுக்கும் நேரம். மற்றைய பங்கு பொதுத்திசை தன் பழைய நிலைக்குத் திரும்ப எடுப்பது: ஐந்து மைக்ரோமீற்றர் இடைவெளிக்கு அது 25 மில்லிசெக்கன் அளவில் வரும். அதே இடைவெளியில் திரவத்தின் அசைவு மட்டும், அதை இயக்கும் விசை நின்றால், ஒரு மைக்ரோசெக்கனுக்குள் அடங்கிவிடும். திசைக்கு நினைவு நீண்டது, வேகத்துக்கு நினைவே இல்லை.

பின்பாய்ச்சல் என்பது என்ன?

இதுவரை சொன்னதன் மறுபக்கம்: பாய்ச்சல் திசையைத் திருப்புவதுபோல், திரும்பும் திசையும் திரவத்தை ஓடச் செய்கிறது. ஷாட்டும் ஹெல்பிரிக்கும் 1970இல் கண்டுபிடித்து 1971இல் வெளியிட்ட முறுக்கிய நெமற்றிக் திரையில், மின்புலம் இருக்கும்போது நடுப்பகுதி மூலக்கூறுகள் நிமிர்ந்து நிற்கும். புலத்தை நிறுத்தினால் சுவரருகே அதிகமாக வளைந்திருப்பவையே முதலில் திரும்புகின்றன. அந்தத் திருப்பம் திரவத்தைச் சற்று நகர்த்த, அந்நகர்வு நடுவிலுள்ளவற்றைப் பிழையான பக்கத்துக்குத் தள்ளிவிடுகிறது. ஒளி நேராக மாறாமல் ஒருமுறை துள்ளிவிட்டு வருவதன் காரணம் இதுவே என்று வான் டோர்னும் பெரமனும் 1975இல் தனித்தனியாகக் கணித்துக் காட்டினார்கள். பம்பலப்பிட்டிக் கணினிக் கடைகளில் திரையின் மறுமொழி நேரத்தை மில்லிசெக்கனில் கேட்டு விலை பேசுபவர்கள், பிசுக்குமைக் குணகங்களுக்கும் சேர்த்தே விலை பேசுகிறார்கள்.

கண்ணாடிக் கலத்தை நிரப்பும்போது ஏன் சூடாக்கச் சொல்கிறார்கள்?

நெமற்றிக் நிலையில் மயிர்த்துளை விளைவால் உள்ளே இழுபடும் திரவம், போகும் வழியில் தன் பாய்ச்சற் திசையைச் சுவரில் பதித்துவிட்டுப் போகக்கூடும். நன்றாகத் தேய்க்காத கண்ணாடியில் இந்தத் தடம் எளிதில் அழியாது. 35 பாகைக்கு மேல் 5சிபி சாதாரண திரவமாதலால் பதிக்கத் திசையே இருக்காது. நாற்பது பாகையில் நிரப்பி, மெதுவாக ஆறவிடுங்கள். பங்குனி, சித்திரை மாதப் பிற்பகலில் தகர ஓட்டின் கீழ் வேலை செய்பவருக்கு இயற்கையே பாதி வேலையைச் செய்து தரும். ஆனால் அதே நாளில் பிசுக்குமை அளக்க உட்கார்ந்தால், தெளியும் வெப்பநிலைக்கு மூன்று நான்கு பாகை அருகில் எல்லாக் குணகங்களும் விரைந்து மாறுவதால் எண்கள் கையில் நிற்காது.

நெமற்றிக் ஓடுவதை எப்படிப் பார்ப்பது? வீட்டில் பார்க்க வழி உண்டா?

ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு முனைவாக்கிகளுக்கு நடுவே வைத்து நுணுக்குக்காட்டியால் பார்ப்பதே வழமை. 5சிபியின் இரு முறிவுச் சுட்டிகளுக்கும் இடையே ஏறத்தாழ 0.18 வித்தியாசம் உண்டு. பத்து மைக்ரோமீற்றர் தடிப்பில் அது 1.8 மைக்ரோமீற்றர் பாதை வித்தியாசத்தைத் தரும். பச்சை ஒளியின் மூன்று அலைநீளங்களுக்கும் மேல். திசை சற்றுச் சரிந்தாலே நிறம் மாறிவிடும். பாய்ச்சலைத் திறக்கும்போது கால்வாயின் குறுக்கே ஊதாவும் மஞ்சளும் இளஞ்சிவப்புமாகப் பட்டைகள் விரிவதை முதன்முறை பார்த்த மாணவி ஒருத்தி, "சேர், இது சேலைக் கரை மாதிரி" என்றாள். அதைவிட நல்ல விவரணை என்னிடம் இல்லை.

வீட்டில் நெமற்றிக்கைக் கையாளுவது கடினம். முத்துப்போல் மின்னும் ஷாம்பூவைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றிக் கரண்டியால் மெல்ல இழுத்துப் பாருங்கள். பளபளக்கும் கோடுகள் தெரியும். அது திரவப் பளிங்கு அல்ல, அதிலுள்ள நுண்தகடுகள் பாய்ச்சலில் சாய்வதே அந்த மினுக்கம். ஆனாலும் வழுக்கல் திசையை உண்டாக்குவதைக் கண்ணால் காண அது போதும்.

ஸ்மெக்ரிக்கும் இப்படித்தானா?

இல்லை. அங்கே படைகளைக் குலைக்காமல் பாய்ச்சலால் திசையைத் திருப்ப முடியாது. அது வேறு பாடம்.

இதற்குத் திரைக்கு வெளியே பயன் உண்டா?

1965இல் ஸ்ரெபனி குவொலெக் கண்ட விறைத்த பல்பகுதியக் கரைசல்களின் வழியில் வந்த கெவ்லார் இழை இதே விளைவால் வலுப்பெறுகிறது: திரவப் பளிங்குக் கரைசலை நுண்துளைகளூடாக இழுக்கும்போது நீண்ட மூலக்கூறுகள் இழையின் நீளத்தில் அமைந்து அப்படியே உறைகின்றன. அங்கே பெரும்பங்கு வழுக்கலுடையது அல்ல, நீட்டலுடையது. நீட்டும் பாய்ச்சலில் சாய்வுக் கோணம் என்ற சிக்கல் இல்லை, மூலக்கூறுகள் உண்மையிலேயே நீட்டும் திசையில் படுக்கின்றன. சிலந்தியின் பட்டுச் சுரப்பியிலும் புரதக் கரைசல் திரவப் பளிங்காக இருந்து, ஒடுங்கிச் செல்லும் நாளத்தில் நீட்டப்பட்டே நூலாகிறது.

சரி, பரீட்சைத் தாளில் படத்தை எப்படி வரைய வேண்டும்?

முதலில் சுவரின் பிடிப்பு எதுவென்று எழுதுங்கள். அது இல்லாத படத்துக்குப் பொருளில்லை. அடுத்து வேகப் பரம்பலைப் பரவளைவாக வரைந்து, நடுக்கோட்டைப் புள்ளிக்கோடாகக் குறியுங்கள். செங்குத்துப் பிடிப்பும் வலுவான பாய்ச்சலும் என்றால், இரு சுவர்களிலும் குச்சிகளை நிமிர்த்தி வையுங்கள். சுவரை விட்டு விலகியதும் விரைவாகச் சாய்த்து, கீழ்ப்பாதியில் முன்முனை மேலே பத்துப் பாகை உயர்ந்தும், மேற்பாதியில் முன்முனை அதே அளவு தாழ்ந்தும் இருக்குமாறு இடுங்கள். இரு பாதிகளும் சேர்ந்து பாய்ச்சல் போகும் பக்கம் கூர்நுனியுள்ள தட்டையான அம்புத்தலைபோல் தெரிய வேண்டும். அம்புக்குறிக்குச் சரிசமாந்தரமான குச்சி முழுப் படத்திலும் புள்ளிக்கோட்டின் மேல் ஒன்றே ஒன்றுதான் வரும்.